ரொசெட்டா தார்ப்பா, மஹேலியா ஜாக்சனா? யாரை முதல்ல கேக்கலாம்?

காஸ்பெல் (அமெரிக்க கறுப்பின சர்ச்சுகள்ல பாடுற பக்திப் பாட்டு) புதுசா கேக்குறவங்க இந்த ரெண்டு பாடகிங்கள்லதான் குழம்புறாங்க.

குரல்: மஹேலியாவோட ஆழம் யாருக்கும் வராது. ரொசெட்டா துள்ளல்.

கிட்டார்: ரொசெட்டாதான், பேச்சே இல்ல. 1964ல மான்செஸ்டர்ல ஒரு பழைய ரயில்வே ஸ்டேஷன், மழை பெஞ்சு ஈரமான பிளாட்பாரம், கோட்டு போட்டுக்கிட்டு வெள்ளை எலக்ட்ரிக் கிட்டார மாட்டிக்கிட்டு அவங்க வாசிக்கிற வீடியோவ பாருங்க, ராக் அண்ட் ரோல் எங்கிருந்து வந்துச்சுன்னு அங்கயே புரிஞ்சிடும்.

மேடை: ரொசெட்டா நைட்கிளப்லயும் பாடுனாங்க, சர்ச் ஆளுங்க கோவிச்சுக்கிட்டாங்க. மஹேலியா பக்தி சாராத ப்ளூஸ் பாட்டெல்லாம் பாடமாட்டேன்னு நின்னவங்க, 1963 வாஷிங்டன் பேரணில மார்ட்டின் லூதர் கிங் பேசுறதுக்கு முன்னாடி பாடுனாங்க.

ராக் பிடிச்சவங்க ரொசெட்டால ஆரம்பிங்க, மனசு பாரமா இருந்தா மஹேலியா. 1973லயே போயிட்ட ரொசெட்டாவ ராக் இசைக்காரங்கள கௌரவிக்கிற ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தது 2018லதான், நினைச்சாலே ஆத்திரமா வருது.