தலைமாட்டில் நிற்பவனின் பிஎல்எஸ்: பன்னிரண்டு வருடப் புதுப்பிப்பு அனுபவம்

பிஎல்எஸ் (Basic Life Support) என்பது இதயமோ மூச்சோ நின்றவரைக் காப்பாற்றும் அடிப்படைப் பயிற்சி. 2013இல் வாங்கிய என் முதல் பிஎல்எஸ் கார்டு இன்னும் பணப்பையில் கிடக்கிறது. காகித அட்டை. மடிப்பில் கிழிந்து, பின்புறம் போட்ட கையெழுத்து அழிந்தே போய்விட்டது. அதற்கப்புறம் ஐந்து முறை புதுப்பித்தாயிற்று. மூன்று முறை வகுப்பில் உட்கார்ந்து, இரண்டு முறை பாதி ஆன்லைனில். 2023 கடைசியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேலை பார்க்கும் இடத்திலேயே. ஒரே பயிற்சியை மூன்று விதமாகவும் செய்து பார்த்திருக்கிறேன் என்பதால் இதை எழுதலாம் என்று தோன்றியது.

நான் ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். பெரும்பாலும் நைட் டியூட்டி. ஊரில் இந்த வேலையைப் புரியவைப்பது லேசான காரியம் இல்லை. பிசியோதெரபியா என்று கேட்பார்கள். அம்மா அதற்காகவே ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்: "மூச்சு விடமுடியாதவங்களுக்கு மெஷின் வைக்கிறவன்." சரியான விளக்கம்தான். வென்டிலேட்டர், ஆக்சிஜன், நெபுலைசர், ரத்த வாயுப் பரிசோதனை எல்லாம் எங்கள் பொறுப்பு. யாருக்காவது இதயம் நின்று கோட் ப்ளூ அறிவிப்பு வந்தால் நாங்கள் ஓடிப்போய் நிற்கும் இடம் நோயாளியின் தலைமாடு. கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கும், முகத்தில் வைக்கும் மாஸ்க்கும் எங்கள் கையில். மார்பை அழுத்துவது பெரும்பாலும் நர்ஸ்களும் டெக்னீஷியன்களும்.

தலைமாட்டிலேயே நிற்கிறோம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகிற பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் தரும் பிஎல்எஸ் கார்டுக்கு இரண்டு வருட ஆயுள். 2015இலும் 2017இலும் நான் போன புதுப்பிப்பு வகுப்புகள் அச்சு அசல் ஒரே மாதிரி. சனிக்கிழமை காலை, ஒரு கான்ஃபரன்ஸ் அறை, தரையில் வரிசையாகப் பொம்மைகள், டிவியில் வீடியோ. வீடியோவில் அழுத்தும்போது நாமும் அழுத்த வேண்டும். இன்ஸ்ட்ரக்டர் நடந்துகொண்டே, "இன்னும் ஆழமா, இன்னும் வேகமா" என்பார். முட்டி வலிக்கும். கடைசியில் 25 கேள்விகள், 84 சதவீதம் எடுத்தால் பாஸ். அதாவது 21 சரியாக இருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கார்டு உறுதி. 75 டாலர் என் கையிலிருந்து போனது. மருத்துவமனை பிறகு திருப்பித் தந்தது.

அந்த இரண்டு வகுப்புகளிலும் நான் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது வகுப்பின் குற்றம் மட்டும் இல்லை. "இதைத்தானே தினமும் செய்கிறேன்" என்ற நினைப்போடு போய் உட்கார்ந்தேன். உண்மையில் நான் தினமும் செய்தது அதில் பாதியை மட்டும்தான்.

2019இல் அது வெளிப்பட்டது. அந்த வருடம் ஜனவரி 31 முதல், பெரியவர்களுக்கான சிபிஆர் (மார்பை அழுத்தி மூச்சு கொடுப்பது) பயிற்சியில் அழுத்தும் ஆழத்தையும் வேகத்தையும் அளந்து சொல்லும் கருவி கட்டாயம் என்று ஹார்ட் அசோசியேஷன் விதி போட்டிருந்தது. பொம்மைக்குள் சென்சார், பக்கத்தில் ஒரு டேப்லெட். முன்பு இன்ஸ்ட்ரக்டரின் கண் சொன்னதை இப்போது திரை சொன்னது. இன்ஸ்ட்ரக்டருக்குத் தாட்சண்யம் உண்டு. திரைக்கு அது கிடையாது.

நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் இருக்க வேண்டும். நான் 134இல் ஓடிக்கொண்டிருந்தேன். ஆழம் 5 செ.மீ. குறையக்கூடாது, 6ஐத் தாண்டக்கூடாது, அதில் நான் பரவாயில்லை. மோசமானது அடுத்தது: ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுசாக மேலே வர விடவேண்டும், நான் விடவில்லை. களைப்பில் உடம்பு எடையைக் கை மேலேயே சாய்த்து வைத்திருந்தேன். மார்பு எழும்பினால்தான் இதயத்துக்குள் ரத்தம் திரும்ப வரும். வராத ரத்தத்தை எவ்வளவு ஆழமாக அழுத்தி என்ன பயன்? இரண்டு நிமிடம் முடிவதற்குள் கை நடுங்கியது. பக்கத்தில் இருந்த ஐசியூ நர்ஸ், என்னைவிட ஒரு தலை குள்ளமான பெண், திரையின் பச்சைக் கோட்டிலிருந்து விலகாமல் முடித்துவிட்டு எழுந்து போனாள்.

சரி, அழுத்துவதுதான் என் வேலை இல்லையே, பேக் கையில் வரட்டும், காட்டுகிறேன் என்று நினைத்தேன். அதில் வாங்கியது இன்னும் பெரிய அடி.

பெரியவர்களுக்கான ஆம்பு பேக்கில் சுமார் ஒன்றரை லிட்டர் காற்று இருக்கும். கொடுக்க வேண்டியது 500, 600 மில்லிதான், மார்பு கண்ணுக்குத் தெரிகிற அளவு எழும்பினால் போதும். என் முதல் ஆறு மூச்சில் நான்கு அளவைத் தாண்டின. வேகமும் அதிகம். மூச்சுக்குழாயில் ட்யூப் போட்ட பிறகு மார்பை அழுத்துவதை நிறுத்தாமல் 6 நொடிக்கு ஒரு மூச்சு, நிமிடத்துக்குப் பத்து. நான் பதினெட்டு கொடுத்திருந்தேன். வருடக்கணக்காக ஆம்பு பேக்கோடு வாழ்பவனிடம் திரை சொல்கிறது: அதிகம், அதிகம், அதிகம்.

இந்தத் தப்பு புதிதல்ல. அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் நடந்த ஒரு ஆய்வு 2004இல் வெளியானது. இதயம் நின்றவர்களுக்கு, பயிற்சி பெற்றவர்களே சராசரியாக நிமிடத்துக்கு 30 மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அதில் பதிவானது. காரணம் லேசில் புரியக்கூடியது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்போது மார்புக்குள் அழுத்தம் கூடுகிறது, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. கீழே ஒருவர் வியர்வை சிந்தி அழுத்துவதை மேலே நிற்கும் நான் பேக்கை அமுக்கி வீணாக்குகிறேன். இதெல்லாம் எனக்குப் படிப்பில் தெரிந்ததுதான். வென்டிலேட்டரில் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லி டாக்டர்களிடம் வாதாடுகிறவன் நான். கோட் ப்ளூவில் பதற்றம் நேராகக் கைக்கு வந்துவிடுகிறது, படிப்பு எங்கோ நின்றுவிடுகிறது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். மனசுக்குள் தமிழில் எண்ணுகிறேன். "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று ஆறு வரை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நொடி பிடிக்கும். ஆங்கிலத்தில் எண்ணினால் சுற்றி நிற்பவர்களின் கூச்சலோடு கலந்துவிடுகிறது. தமிழ் எண்ணிக்கைக்கு அந்த அறையில் போட்டியே இல்லை. பேக்கையும் இரண்டு கையால் பிழிவதை விட்டு ஒரு கைக்கு வந்துவிட்டேன்.

2021இல் கொரோனா. முந்தைய வருடமே பலருடைய கார்டுகளுக்குச் சில மாதம் கூடுதல் அவகாசம் கொடுத்திருந்தார்கள்; வகுப்புகள் நடக்கவில்லை. நான் ஹார்ட்கோட் என்ற ஆன்லைன் வழியை எடுத்தேன். பாடமும் கேள்வியும் வீட்டில், கைப்பயிற்சி மட்டும் நேரில் போய். நைட் டியூட்டிக்காரனுக்கு இது வரம். பகல் இரண்டு மணிக்கு லுங்கியோடு உட்கார்ந்து படிக்கலாம். ஒவ்வொரு பதிலுக்கும் நமக்கு எவ்வளவு உறுதி என்றும் அது கேட்கிறது. குழந்தைக்கு நாடி இருக்கிறது, மூச்சு இல்லை, எத்தனை நொடிக்கு ஒரு மூச்சு என்று ஒரு கேள்வி. 3 முதல் 5 நொடி, நன்றாகத் தெரியும் என்று அழுத்தினேன். தப்பு. 2020இல் அதை 2 முதல் 3 நொடி என்று மாற்றிவிட்டார்கள். பெரியவர்களுக்கு மூச்சைக் குறை, குழந்தைகளுக்குக் கூட்டு. மூச்சே தொழிலாக வைத்திருப்பவனுக்குத் தெரியாமல் போன விஷயம் மூச்சைப் பற்றியதாகவே இருந்ததில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

புதுப்பிக்க ஏன் அலுத்துக்கொள்ளக்கூடாது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த எண்களைத்தான். என் முதல் கார்டின்போது வேகம் "குறைந்தது 100" என்று மட்டும்தான் இருந்தது. 120 என்ற மேல்வரம்பும் 6 செ.மீ. என்ற மேல்வரம்பும் 2015இல் வந்தவை. 2025 அக்டோபரில் வந்த வழிகாட்டுதலில், தொண்டை அடைத்த பெரியவருக்கு முதலில் முதுகில் ஐந்து தட்டு, பிறகு வயிற்றில் ஐந்து அழுத்து என்று வந்திருக்கிறது. இத்தனை வருடம் வயிறு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கைக்குழந்தைக்கு இரண்டு விரலால் அழுத்தும் முறையையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு கட்டைவிரல், அல்லது ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி. விரல் முறையில் போதிய ஆழம் போகாது என்று எங்கள் குழந்தைகள் பிரிவில் வெகுநாளாகவே முணுமுணுப்பு இருந்தது.

ஆன்லைன் என்றதும் ஒரு எச்சரிக்கை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து புதிதாக வேலையில் சேர்ந்த ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "அண்ணா, ஒரு வெப்சைட்ல அம்பது நிமிஷத்துல கார்டு தர்றாங்களாம். பொம்மையே வேணாமாம். எடுத்துரட்டுமா?" வேண்டாம்மா என்று நான் சொல்வதற்குள் பணம் கட்டிவிட்டாள். மருத்துவமனை அதை ஏற்கவில்லை. கைப்பயிற்சி இல்லாத கார்டை ஹார்ட் அசோசியேஷனும் தன் கார்டாக ஏற்பதில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் பிஎல்எஸ்ஸுக்கும் இரண்டு வருட ஆயுள்தான், பல இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் உங்கள் இடத்தில் எது செல்லும் என்று எச்.ஆரிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஏசிஎல்எஸ் என்ற மேல்நிலைப் பயிற்சி இருந்தால் பிஎல்எஸ் வேண்டாம் என்று நினைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். எங்கள் இடத்தில் இரண்டும் தனித்தனி. எங்கள் தொழிலுக்குச் சான்று தரும் ரெஸ்பிரேட்டரி போர்டின் ஐந்து வருடக் கணக்கு, மாநில லைசென்ஸ், இவையெல்லாம் வேறு கணக்கு. ஒன்றைப் புதுப்பித்ததால் மற்றது தானாகப் புதுப்பிக்காது.

இன்னொன்று, கார்டு அந்த மாதக் கடைசி வரை செல்லும். அதை நம்பிக் கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். 2017இல் நான் இழுத்தேன். வகுப்பு முடித்தும், பயிற்சி நடத்தியவர்கள் கார்டை அனுப்ப ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார்கள். ஒன்றாம் தேதி காலை ஷெட்யூலில் என் பெயர் இல்லை. மூன்று ஷிஃப்ட் சம்பளம் போயிற்று. இப்போது மின்கார்டு வருகிறது. ஆனால் அந்த மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அங்கேயும் பாருங்கள்.

இனி, ஆரம்பத்தில் சொன்ன அந்த மூன்று மாத முறை: ஆர்க்யூஐ. 2023 கடைசியில் எங்கள் மருத்துவமனை இதற்கு மாறியது. ஒரு வண்டியில் பெரியவர் பொம்மை, குழந்தை பொம்மை, திரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் போய் அழுத்தி, மூச்சு கொடுத்து, மதிப்பெண் எடுத்தால் கார்டு எப்போதும் உயிரோடு இருக்கும். இரண்டு வருடக் கண்டமே கிடையாது. முதலில் எல்லோரும் திட்டினோம். வருடத்துக்கு நாலு தடவையா? வண்டியை வைத்திருந்ததோ பழைய கட்டில்கள் அடுக்கிய ஒரு ஸ்டோர் ரூமில். ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டால் பொம்மை கண்மூடிப் படுத்திருக்கும். இந்தப் பொம்மைகளுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1960 வாக்கில் நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த லேர்டால் என்பவர் முதல் பயிற்சிப் பொம்மைக்கு முகம் தேடியபோது, பாரிஸின் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகவார்ப்பை எடுத்துக்கொண்டார். தனியாக அந்த அறையில் நிற்கும்போது இந்தக் கதை தெரியாமல் இருப்பது நல்லது.

ஆனால் கைக்கு இதுதான் சரிப்பட்டது. முதல் முறை அழுத்தத்தில் 71 வாங்கினேன், மறுபடி செய்யச் சொன்னது. நாலாவது தடவை தொண்ணூறுக்கு மேல். சாய்ந்து நிற்பது போய்விட்டது. வேகம் 110ஐச் சுற்றியே நிற்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வகுப்புக்குப் போனபோது ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலிருந்துதான் தொடங்கினேன். போன வருடம் ஒரு கோட் ப்ளூவில் ஆள் குறைவாக இருந்து, பேக்கை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு நான் அழுத்த வேண்டி வந்தது. இரண்டு நிமிடம் முடிந்து ஆள் மாறும்போது, பின்னால் நின்ற சீனியர் நர்ஸ் "நல்லா இருந்தது" என்று மட்டும் சொன்னார். நான் 2019 வகுப்பின் அந்தக் குள்ளமான பெண்ணை நினைத்துக்கொண்டேன்.

ஆர்க்யூஐயில் எனக்குப் போதாத இடம் ஒன்று உண்டு. நீங்களும் பொம்மையும் மட்டும்தான். மாஸ்க்கை ஒருவர் இரண்டு கையாலும் பிடிக்க, இன்னொருவர் பேக்கை அமுக்குவது. அழுத்துபவர் முப்பது எண்ணி நிறுத்தும் இடைவெளியில் இரண்டு மூச்சு கொடுத்து, பத்து நொடிக்குள் மறுபடி அழுத்தம் தொடங்க வைப்பது. "ஆள் மாறு" என்று சத்தமாகச் சொல்வது. இவற்றை ஸ்டோர் ரூமில் தனியாகப் பழக முடியாது. பொம்மை முகத்தில் மாஸ்க் கச்சிதமாக ஒட்டிக்கொள்ளும். தாடி வைத்த, பல்செட் கழற்றிய நிஜ முகத்தில் எல்லாப் பக்கமும் காற்று போகும். அதற்கு வகுப்புதான், அல்லது வார்டிலேயே வைக்கும் ஒத்திகை. எங்கள் பிரிவில் மாதம் ஒருமுறை நாங்களாகவே ஒன்று வைத்துக்கொள்கிறோம். வருவது ஐந்தாறு பேர்.

தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருந்தால்: வேலைக்குப் புதியவர் என்றால் வகுப்புக்குப் போங்கள், அளவு காட்டும் பொம்மை எது என்று பார்த்து அதன் முன்னால் உட்காருங்கள். ஷிஃப்ட் மாறி மாறி வருகிறதென்றால் ஹார்ட்கோட் நேரத்தை மிச்சப்படுத்தும். மருத்துவமனை ஆர்க்யூஐ கொடுத்தால் திட்டிக்கொண்டே செய்யுங்கள். எதில் போனாலும், நம் ரெஸ்பிரேட்டரி ஆட்கள் மார்பை அழுத்துவதை இரண்டு சுற்று கூடுதலாகச் செய்துவிட்டு எழுந்திருங்கள்; பேக் எங்கேயும் ஓடிவிடாது.

என் அடுத்த தவணைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அந்த மதுரைப் பெண்ணுக்கும் அதே வாரம்தான். இரண்டு பேரும் சேர்ந்து போகலாம் என்றிருக்கிறோம். ஸ்டோர் ரூமுக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்கிறாள். அந்த முகவார்ப்புக் கதையை அவளிடம் சொன்னவன் நான்தான்.