பேட்டரி கசிந்த போர்டு: வினிகரா, ஆப்பச் சோடாவா, புது போர்டா?

பழைய பின்பால் மெஷினின் (இரும்புக் குண்டை அடித்து ஸ்கோர் சேர்க்கும் விளையாட்டு மெஷின்) தலைப்பெட்டியைத் திறந்தால், அதன் மூளையான எம்பியு போர்டின் ஓரம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் பல வருடம் உழைத்த எலக்ட்ரானிக் தராசைத் திறந்தாலும் ஏறக்குறைய இதே காட்சிதான். பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஆனால் முதலாவதில் பரவியது காரம், இரண்டாவதில் அமிலம். எதை ஊற்றிக் கழுவுவது என்ற சண்டை பாதி இதைப் பார்க்காததால் வருகிறது.

1977 முதல் 1980களின் நடுப்பகுதி வரை பாலி என்ற அமெரிக்கக் கம்பெனி விட்ட பின்பால் மெஷின்களில், 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரியை போர்டிலேயே சால்டர் வைத்திருப்பார்கள். அதே காலத்து இன்னொரு கம்பெனியான வில்லியம்ஸின் போர்டில் மூன்று ஏஏ செல். மெஷினை அணைத்த பிறகும் 5101 மெமரி ஐசியில் இருக்கும் ஸ்கோரும் செட்டிங்கும் அழியாமல் காப்பதுதான் இரண்டுக்கும் வேலை. நிக்கல்-காட்மியத்திலும் அல்கலைன் செல்லிலும் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து வெள்ளைக் கார்பனேட்டாகும். ஈரத்தை இழுக்கும். போர்டின் பச்சைப் பாதுகாப்புப் பூச்சுக்கு அடியில் செப்பு ட்ராக் வழியாக ஊர்ந்து போகும். தராசில் இருப்பதோ 6 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி; அதில் கசிவது கந்தக அமிலம். மலிவான ஜிங்க்-கார்பன் செல் மூன்றாவது வகை: அதன் கசிவு லேசான அமிலம்.

பேட்டரி ஏற்கெனவே கழற்றப்பட்டு, எது இருந்தது என்றே தெரியாவிட்டால், பூத்த இடத்தில் ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு பிஹெச் தாளைத் தொட வையுங்கள். நீலப் பக்கம் போனால் காரம், சிவப்புப் பக்கம் போனால் அமிலம். நுரையை வைத்து முடிவு செய்ய முடியாது. கார்பனேட்டின் மேல் வினிகர் விட்டாலும் நுரைக்கும், அமிலத்தின் மேல் சோடா விட்டாலும் நுரைக்கும்.

கழுவ எது?

கார வகைக்கு வெள்ளை வினிகர். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, பழைய பல் பிரஷால் தேய்த்து 5 முதல் 10 நிமிடம் விட்டு, நுரை நிற்கும் வரை திரும்பச் செய்ய வேண்டும். அதற்கு முன் பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். காட்மியம் விஷம் என்பதால் அதைக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குவோரிடம் கொடுப்பது நல்லது. கையுறையும் கண்ணாடியும் வேண்டும்.

இதே போர்டில் ஆப்பச் சோடாவைப் போடுவது பலரின் பழக்கம். சோடாவே காரப் பக்கம் உள்ள பொருள். ஹைட்ராக்சைடின் எரிப்பு கொஞ்சம் தணியும், ஆனால் மிஞ்சுவது மறுபடியும் கார்பனேட் உப்புதான். சோடாவின் இடம் தராசு போர்டு: கால் லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். எலுமிச்சைச் சாறு அமிலம்தான், ஆனால் சர்க்கரையும் நாரும் ஒட்டும். கழிவறை ஆசிட் பக்கமே போகாதீர்கள், அது செப்பையும் சேர்த்து அரிக்கும். டபிள்யூடி-40 ஸ்ப்ரே ஈரத்தை விரட்டுமே தவிர உப்பைக் கரைக்காது. அடித்த பிறகு சால்டர் பிடிக்க அடம் பிடிக்கும்.

கழுவிய வினிகரை அப்படியே காய விட்டால் அதுவும் அரிப்புதான். அலச எந்தத் தண்ணீர்? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து போர்வெல் தண்ணீர் ஆகவே ஆகாது. ஃப்ளோரைடுக்குப் பேர்போன மாவட்டங்கள் இவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. அரிப்பைப் பொறுத்தவரை ஃப்ளோரைடைவிட மற்ற உப்புகள்தான் தொல்லை, காய்ந்ததும் போர்டில் வெள்ளையாகப் படியும். குழாயில் வரும் காவிரி நீரிலும் உப்பு உண்டு. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலசி, 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை ஊற்றி, ஃபேன் காற்றில் ஒரு நாள் காய வையுங்கள். ஐசியைச் செருகும் பேஸுக்குள்ளும் கனெக்டருக்குள்ளும் நீர் தங்கும் என்பதால் அவசரப்பட்டு பவர் கொடுக்கக் கூடாது.

சுரண்ட எது?

கழுவுவது பரவலை நிறுத்தும், கறுத்த செப்பைத் திருப்பித் தராது. கறுத்த செப்பில் சால்டர் உருண்டு ஓடும். அதன் மேலேயே சால்டர் இரும்பை அழுத்திச் சூடேற்றினால் பேடு (கால்களைச் சால்டர் வைக்கும் செப்புத் திட்டு) உரிந்து வந்துவிடும்; போர்டு சாகும் முக்கால்வாசி நேரம் கசிவால் அல்ல, இந்த அவசரத்தால். 400 நம்பர் உப்புத்தாள் அகலமான இடத்துக்குச் சரி. ஐசி கால்களுக்கு நடுவே அது ட்ராக்கையே தின்றுவிடும், அங்கே ஃபைபர்கிளாஸ் பேனா மேல். எதுவானாலும் ஈரமாகவே தேய்க்க வேண்டும், ஈயமும் கண்ணாடித் தூளும் மூச்சில் போகக் கூடாது. பச்சைப் பூச்சு எதுவரை கறுத்திருக்கிறதோ அதையும் தாண்டி 5 மில்லிமீட்டர் வரை, பளபளவென்ற செப்பு தெரியும் வரை எடுங்கள். பிறகு பிளக்ஸ் தடவி மெல்லிய சால்டர் பூசி மூடுங்கள்.

ஐசி பேஸ், கனெக்டர் பின் விஷயத்தில் சுத்தம் செய்வதா மாற்றுவதா என்று யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். உள்ளே இருக்கும் வெண்கலப் பிடிக்கு பிரஷ் எட்டாது.

போர்டைக் காப்பாற்றுவதா, புதுசு வாங்குவதா?

பாலி போர்டில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, பவர் வந்ததும் பிராசசரைத் தொடங்க வைக்கும் ரீசெட் பகுதி இருக்கிறது. அதனால் முதலில் சாவது அங்கேயுள்ள டிரான்சிஸ்டரும் ரெசிஸ்டரும்தான், அவை சில்லறை விலையில் கிடைப்பவை. பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்பி ரோட்டில் ஒரு நடையில் வாங்கிவிடலாம், ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். இந்தப் பகுதியோடு சேதம் நின்றிருந்தால் சரிசெய்வதே லாபம். ஓட்டைகளுக்குள் போகும் செப்புக் குழாய்கள் பல கறுத்து, இரு பக்க ட்ராக்கும் அறுந்து, பிராசசர் பேஸ் வரை பரவியிருந்தால் கணக்கு மாறும். அறுந்த ட்ராக்குக்குப் பதிலாகப் போடும் ஜம்பர் ஒயர் பத்தைத் தாண்டினால் புது மாற்று போர்டே மேல். அதில் பேட்டரியும் இருக்காது. இங்கே கிடைக்காது என்பதும், கூரியரும் சுங்கவரியும் சேரும் என்பதும் அதன் குறை.

சரிசெய்த பாலி போர்டை நேராக மெஷினில் மாட்டாமல் மேசையில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் கொடுத்துப் பாருங்கள். எல்இடி ஒரு சிமிட்டலுக்குப் பிறகு 6 முறை மின்னி நிற்கும். ஏழாவது மின்னலுக்கு மெஷினின் 43 வோல்ட் லைன் வேண்டும், அதனால் ஆறில் நின்றால் பயப்பட வேண்டாம். அணையாமல் எரிந்தே இருந்தால் முதலில் ரீசெட் பகுதியைத் தேடுங்கள்.

தராசில் இந்தக் கேள்விக்கு விடையே வேறு. 30 கிலோ வரை 5 கிராம் டிவிஷனாகக் காட்டும் தராசில், எடையை மின் சிக்னலாக்கும் லோடு செல் தரும் மொத்த சிக்னலே 10 மில்லிவோல்ட் அளவு, ஒரு டிவிஷனுக்கு 2 மைக்ரோவோல்ட்கூட வராது. கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் ஒன்று மிஞ்சினாலும், மழை நாளில் எடை நகர்ந்துகொண்டே இருக்கும். அதோடு சீலை உடைத்தால் மறுமுத்திரை வேண்டும், 2009 சட்ட அளவியல் சட்டப்படி பழுதுபார்க்க உரிமமும் வேண்டும். அந்தச் சிக்னலை எண்ணாக்கும் ஏடிசி ஐசி பக்கம் அமிலம் போயிருந்தால் போர்டை மாற்றிவிடுவதே புத்தி.

மறுபடி என்ன பேட்டரி?

அதே நிக்கல்-காட்மியத்தைத் திரும்பச் சால்டர் வைப்பது, சில வருடத்தில் இதே வேலையைத் திரும்பச் செய்ய ஒப்புக்கொள்வது. மூன்று ஏஏ செல்லை ஒரு ஹோல்டரில் போட்டு, நீள ஒயரில் தலைப்பெட்டியின் அடியில் வைப்பது வில்லியம்ஸுக்கு எளிது. கசிந்தாலும் மரத்தில் சொட்டும். பாலியில் ஹோல்டர் வைத்தால் சார்ஜ் பாதையை வெட்ட வேண்டும்.

சிஆர்2032 லித்தியம் காசு செல் சின்னது, கசிவு அரிது. பாலி போர்டு பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும், லித்தியத்துக்கு அது ஆபத்து. ஒரு 1என்4148 டையோடைத் தொடரில் வைத்தாக வேண்டும். ஷாட்கி வகை டையோடில் பின்னோக்கிய கசிவு அதிகம் என்பதால் இங்கே சாதா டையோடே நல்லது. 5101 நினைவைப் பிடிக்க 2 வோல்ட் போதும், டையோடு தின்றது போகவும் மிச்சம் இருக்கும். செல்லின் கொள்ளளவு 220 மில்லிஆம்ப்-மணி. ஐசி 10 மைக்ரோஆம்ப் இழுத்தால் சுமார் இரண்டரை வருடம்.

1 ஃபாரட், 5.5 வோல்ட் கபாசிட்டர் கசியும் செல்லே இல்லை என்பதால் பலருக்குப் பிடிக்கும். ஆனால் 5 வோல்ட்டிலிருந்து 2க்கு இறங்க அதில் இருப்பது 3 கூலும் மட்டும். 10 மைக்ரோஆம்ப் இழுத்தால் மூன்றரை நாள், 1 மைக்ரோஆம்ப் என்றால் ஒரு மாதம். இழுப்பு 1 மைக்ரோஆம்ப் பக்கம் இருந்தால் வாரம் ஒருமுறை ஓட்டுவோருக்கு ஆகும், பூட்டி வைப்போருக்கு ஆகாது. வில்லியம்ஸில் செல்லுக்கு சார்ஜ் பாதையே கிடையாது. டையோடைச் சுற்றி வழி செய்யாமல் வைத்தால் கபாசிட்டர் வெறுமனே உட்கார்ந்திருக்கும்.

5101க்குப் பதிலாகப் பொருந்தும், பவர் இல்லாமலே நினைவைக் காக்கும் மாட்யூல் நிரந்தரத் தீர்வு. சிக்கல் 22 கால்களையும் கழற்றுவதில்தான். அரித்த பேடுகள் இழுத்தால் வந்துவிடும். பழைய ஐசியின் கால்களை உடம்பை ஒட்டி வெட்டி, ஒவ்வொன்றாகச் சூடேற்றி எடுங்கள். பேடு உறுதியாக இருந்தால் எங்கள் வோட்டு இதற்கே. நைந்திருந்தால் காசு செல்லோடு நின்றுகொள்ளலாம்.

செல்லா கபாசிட்டரா என்று முடிவு செய்ய ஒரு அளவு போதும்: மெஷினை அணைத்து, செல்லின் பாசிட்டிவ் ஒயரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு அதன் குறுக்கே மல்டிமீட்டரை வையுங்கள். 1 மில்லிவோல்ட் என்றால் 1 மைக்ரோஆம்ப். 50க்கு மேல் காட்டினால் ஐசி பழுது, அல்லது கழுவிய இடத்தில் இன்னும் உப்பு இருக்கிறது. பிரஷைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.