நாலு நாடுகளின் பாட்டு, ஒரு லூட்

லண்டன் மாமா அனுப்பிய பெட்டியில் சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் கிடந்த சீடி இது. மூடி வெடித்திருந்தது, நல்லகாலம் தட்டில் கீறல் இல்லை. டெக்கா கொம்பனி வெளியிட்ட 'எ மியூசிக்கல் பாங்கெற்'. லூட் என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பவர் எடின் கரமசோவ், பாடுபவர் ஜெர்மன்காரரான அன்ட்ரியாஸ் ஷோல். இவர் கவுண்டர்டெனர், அதாவது பெண்குரல் உயரத்தில் பாடும் ஆண். முதல் பாட்டு தொடங்கியதுமே மாமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆர் இந்தப் பிள்ளை, நல்லாப் பாடுறாள்" என்றா.

ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜோன் டௌலண்டின் மகன் ராபர்ட் 1610இல் லண்டனில் தொகுத்து வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தின் பெயர்தான் சீடிக்கும். (அப்போது நல்லூரில் இன்னும் எங்கள் யாழ்ப்பாண அரசு இருந்தது, பறங்கியர் அதைப் பிடித்தது 1619இல்.) ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன் நாலும் அதில் இருக்கின்றன, அதுதான் ருசியே. பிரெஞ்சு அரசவைப் பாட்டுக்குக் கையில் தாளம் போட்டுப் பாருங்கள், தவறிவிடும். நெட்டசைக்குக் குற்றசையைப்போல இரண்டு மடங்கு நேரம் கொடுத்துப் பார்த்த கவிஞர்கள் அங்கே இருந்தார்கள், அந்தப் பழக்கத்தின் வாசம் இதிலும் இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பாடமாக்கிய எங்களுக்கு இது புதிசே இல்லை. இத்தாலியர் கச்சீனியின் 'அமரில்லி' வேறு மாதிரி: விருத்தம் பாடும்போது பக்கவாத்தியம் ஒதுங்கி நிற்குமே, கிட்டத்தட்ட அப்படி லூட் அடக்கி வாசிக்க, குரல் கதைப்பதுபோலப் போகிறது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. லூட் 'ஊத்' என்ற அரபுநாட்டு வாத்தியத்தின் வழிவந்தது, பெயரும் அதிலிருந்துதான். சோடி சோடியாக நரம்பு, விரலால் மீட்டுவது, சத்தம் எழுந்த கையோடு அடங்கிவிடும். போன் ஸ்பீக்கரில் போட்டேன், மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. இரவு பத்துக்குப் பிறகு, ஹெட்போனில் கேளுங்கள். நல்லூர்த் திருவிழா நாட்களில் வேண்டவே வேண்டாம்.

ஒரே மூச்சில் கேட்டால் சோகம் திகட்டும், நான் இரண்டு மூன்றைத் தாண்டிவிட்டேன். ஆனால் தகப்பன் டௌலண்டின் 'இன் டார்க்னெஸ் லெட் மி ட்வெல்' ஒன்றுக்கே சீடியை வைத்திருப்பேன். மனுசன் பாரிஸ், ஜெர்மனி, இத்தாலி எல்லாம் அலைந்து, டென்மார்க் அரசனிடமும் வேலை பார்த்தவர். சொல் ஆங்கிலம், அதை இழுத்து, உடைத்து, திடீரென்று கூவுகிற விதம் இத்தாலி. கடைசியில் முதல் வரி திரும்ப வந்து, முடிந்தது என்று தோன்றாமலே சட்டென்று நின்றுவிடும்.

"என்ன, கரண்ட் போட்டுதோ?" என்றா மாமி.