ஷோப்பன் வால்ட்ஸில் ருபாட்டோ: ஒரு கையா, இரண்டு கையுமா?

ருபாட்டோ என்றால் வாசிக்கும்போது காலத்தைக் கொஞ்சம் இழுத்தும் விரைத்தும் போவது. இசையமைப்பாளர் ஷோப்பனின் சி ஷார்ப் மைனர் வால்ட்ஸை (மூன்று அடித் தாளத்தில் அமைந்த நடன இசை; ஓபஸ் 64, எண் 2) பியானோவில் வாசிக்க உட்கார்ந்தால், அதை ஒரு கையில் செய்வதா, இரண்டு கையிலுமா என்ற கேள்வி முதல் வரியிலேயே வந்துவிடும்.

ஒரு வழி, இடது கை தாளத்தை விடாமல் பிடித்திருக்க, வலது கையின் மெட்டு மட்டும் கொஞ்சம் பிந்தியும் முந்தியும் போவது. ஷோப்பன் மாணவர்களுக்குச் சொன்னதும் இதுதான்: இசைக்குழுவை நடத்துபவர் இடது கை. அவருடைய பியானோமேல் எப்போதும் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) இருந்ததாக மாணவர் மிகூலி எழுதியிருக்கிறார்.

இன்னொரு வழி, இரண்டு கையும் சேர்ந்தே இழுத்து, சேர்ந்தே ஓடுவது. பழக இதுதான் சுலபம். டி பிளாட் மேஜரில் வேகம் குறையும் நடுப்பகுதிக்கு நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் சுரங்கள் சரசரவென்று ஓடும் அந்த வேகமான பகுதியில் அப்படி இழுத்தால் நடனமே கலைந்துவிடும். அங்கே முதல் அடியில் இடது கையின் பாஸ் (கீழ்) சுரம் நேரத்துக்கு விழ வேண்டும். வலது கை உச்சிச் சுரத்தில் ஒரு கணம் தயங்கலாம். அடுத்த அடிக்குள் அந்தக் கடனை அடைத்துவிட வேண்டும். 1950இல் பியானோ கலைஞர் லிபாட்டி ஜெனீவாவில் செய்த ஒலிப்பதிவைக் கேளுங்கள்: தாளம் தளரவில்லை, ஆனாலும் மெட்டு மூச்சுவிடுகிறது. எனக்கு முதல் வழிதான். சரி, எப்படிப் பழகுவது? ஒரு வாரம் இடது கையை மட்டும், யாராவது கூடவே ஆட முடிகிற அளவுக்குச் சீராக வாசியுங்கள். அப்புறம் வலது கையைச் சேர்க்கலாம்.