நாக்கைப் பிடித்துவைக்கும் சிலிக்கோன் கருவி: நான்கு மாதம் போட்டுப் பார்த்த பிறகு

எனக்கு வயது 51, எடை 54 கிலோ. தொந்தியும் தடித்த கழுத்தும் உள்ளவர்களுக்குத்தான் ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படும் நோய்) வரும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். என் குறட்டை நடுவில் சட்டென்று நின்றுபோகும். பத்துப் பதினைந்து நொடி கழித்துத் திணறி மூச்சை இழுப்பேன். அதைக் கேட்டு என் கணவர் எத்தனையோ இரவு எழுந்து உட்கார்ந்திருக்கிறார். பகலில் விடைத்தாள் திருத்தும்போதே பேனா கையிலிருந்து நழுவும்.

காரணத்தை முதலில் சொன்னவர் கும்பகோணத்தில் நான் வழக்கமாகப் பார்க்கும் பல் மருத்துவர். நாக்கை நீட்டச் சொல்லி, கையில் கண்ணாடியைக் கொடுத்தார். நாக்கின் இரு ஓரமும் சோமாசியின் ஓரம்போல வரிசையாக நெளிந்திருந்தது. எல்லாம் பல் அழுந்திய தடம். வாயை எவ்வளவு திறந்தும் உள்நாக்கு தெரியவில்லை. “தாடை சின்னது டீச்சர், நாக்குக்கு இடம் போதவில்லை” என்றார். வாயைத் திறந்தால் உள்ளே எவ்வளவு தெரிகிறது என்பதை நான்கு நிலையாகப் பிரிக்கும் முறைக்கு மல்லம்பட்டி என்று பெயர். இந்தியாவில் பிறந்த மயக்க மருந்து நிபுணர் ஒருவரின் பெயர் அது. தொண்டையில் குழாய் செலுத்துவது கடினமாக இருக்குமா என்று முன்கூட்டியே அறிய 1985-இல் அவர் மூன்று நிலையாக எழுதியது, பிறகு நான்காம் நிலையும் சேர்ந்து, இன்று உறக்க மருத்துவர்களுக்கும் பயன்படுகிறது. எனக்கு நான்காம் நிலை.

நாக்கின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். எடை கூடினால் நாக்கின் அடிப்பகுதியிலும் கொழுப்பு சேரும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், 67 பேர் சராசரியாகப் பத்து சதவீதம் எடை குறைத்தபோது மூச்சுத் தடை 31 சதவீதம் குறைந்தது. அதற்கு முக்கியக் காரணம் நாக்கில் கொழுப்பு குறைந்ததுதான். 96 கிலோ இருக்கும் என் அண்ணனிடம் இதைச் சொல்லிச் சொல்லியே நடக்க வைத்திருக்கிறேன். எனக்கோ குறைக்க எடை இல்லை.

உறக்கப் பரிசோதனையில் மணிக்கு 22 முறை மூச்சு தடைப்பட்டது. 15 முதல் 30 வரை நடுத்தரம். முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சீபாப் இயந்திரம்தான் முதல் தேர்வு என்றார் மருத்துவர். முகமூடி போட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது என்றதும் இந்தக் கருவியைச் சொன்னார்.

குழந்தையின் சூப்பானைப் பெரிதாக்கியதுபோல் இருக்கும். முன்பக்கம் உள்ள குமிழை அழுத்திக் காற்றை வெளியேற்றி, நாக்கை உள்ளே விட்டு, அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். குமிழ் நாக்கை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மல்லாந்து படுத்தாலும் நாக்கு தொண்டைக்குள் சரியாது. கருவியின் விளிம்பு உதட்டுக்கு வெளியே நிற்கும். பல்லில் மாட்டுவதில்லை என்பதால் பொய்ப்பல் வைத்திருப்பவர்களும் போடலாம்.

முதலில் இணையத்தில் மலிவாக வாங்கியது தண்டம். சிலிக்கோன் விறைப்பு, காலையில் நாக்கு நுனி மரத்துப்போய்க் காப்பியின் சூடுகூடத் தெரியவில்லை. பிறகு பல் மருத்துவர் அளவு பார்த்து வரவழைத்துத் தந்ததைத்தான் இப்போது போடுகிறேன். முதல் பத்து நாள் பெரும் சோதனை. தலையணை உறை எச்சிலில் நனைந்துவிடும். நாக்கின் அடியில் இருக்கும் மெல்லிய சதை இழை புண்ணாகி, ரசச் சோறுகூட எரிந்தது. காற்றை அளவுக்கு மீறி வெளியேற்றியதுதான் தவறு. லேசாக அழுத்தினாலே போதும். இரண்டாம் வாரத்தில் எரிச்சல் அடங்கியது. எச்சில் இன்னும் கொஞ்சம் வருகிறது. தலையணைமேல் ஒரு துண்டு விரித்துக்கொள்கிறேன்.

மூன்றாம் மாத முடிவில் கருவியோடு மறுபடி பரிசோதித்தார்கள்: மணிக்கு 9. பூரண குணம் இல்லை. ஆனால் காலைத் தலைவலி போய்விட்டது.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். மூக்கடைப்பு உள்ளவர்கள் வாங்கவே வேண்டாம். வாயை இது அடைத்துவிடும், மூக்கால்தான் மூச்சுவிட வேண்டும். எனக்கே சளி பிடித்த நான்கு இரவு கழற்றிவைத்தேன். அந்த நான்கு இரவும் என் கணவர் மறுபடி விழித்திருந்தார். பரிசோதனை செய்யாமல் குறட்டைக்கு என்று மட்டும் வாங்கிவிடாதீர்கள். சத்தம் அடங்கிய பிறகும் மூச்சு நின்றுகொண்டிருக்கலாம். அது உங்களுக்கும் தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது.