மரப்படிக்கட்டும் கைப்பிடியும்: பூச்சு வேலை முடிந்து சில வருடங்கள் கழித்து

மரப்படிக்கட்டைப் புதுப்பித்தவர்கள் பெரும்பாலும் வேலை முடிந்த கையோடு அதைப் பற்றி எழுதிவிடுகிறார்கள். அந்த வாரத்தில் எந்தப் பூச்சும் அழகாகத்தான் இருக்கும். தினமும் கால் பட்டு, கை பட்டு, மண் அரைபட்டு, வருடங்கள் ஓடிய பிறகு என்ன மிஞ்சியது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றே எங்கள் வீட்டில் கீழ்ப்பாதிப் படிகளுக்கு, மரத்தின் மேல் படலமாக நிற்கும் பாலியூரித்தேனில் தண்ணீர் கலக்கும் வகையும், மேல்பாதிக்கு, மரத்துக்குள் ஊறும் மெழுகு கலந்த ஹார்டுவாக்ஸ் எண்ணெயும் பூசினேன். கைப்பிடி முழுக்கப் பாலியூரித்தேன். வெளியிலிருந்து வரும் மண்ணை முதலில் வாங்கிக்கொள்வது கீழ்ப்படிகள்தான். ஒப்பிடும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டே சொல்கிறேன்.

பூச்சுக்குப் போவதற்கு முன் சத்தத்தையும் ஆட்டத்தையும் சரி செய்தாக வேண்டும். படி கிரீச்சிடுவது, மரம் காய்ந்து சுருங்கி ஆணிப்பிடி தளர்ந்து, மிதிபலகை அடியில் நிமிர்ந்து நிற்கும் குத்துப்பலகையோடு உரசுவதால். அதே ஆணியை ஓங்கி அடித்தால் சில நாள் அமைதி, அவ்வளவுதான். துளை ஏற்கெனவே பெரிதாகிவிட்டது. இடுக்கில் டால்கம் பவுடர் தூவுவதும் தற்காலிகம்தான். படிக்கட்டின் அடிப்பக்கம் கைக்கு எட்டினால், இரண்டு பலகைகளும் சேரும் மூலையில் முக்கோணக் கட்டைகளைப் பசை போட்டுத் திருகாணியால் முடுக்குவதுதான் நிலையான தீர்வு. எட்டாத இடத்தில் மேலிருந்து சிறு துளை போட்டு, திருகாணித் தலையை உள்ளே இறக்கி, அதே மரத்தில் வெட்டிய முளையால், ரேகை ஒரே திசையில் ஓடும்படி மூடினேன். இன்றுவரை அந்தப் படிகளில் சத்தமில்லை. முளை எங்கே இருக்கிறது என்று எனக்கே தேடித்தான் பார்க்க வேண்டும்.

கைப்பிடியைத் தாங்கும் கடைசல் கால்கள் ஆடினால் அவற்றுக்குப் புதுப் பசையை அப்படியே ஊற்றிப் பயனில்லை. காய்ந்த பழைய பசைமேல் புதுப் பசை பிடிக்காது, அதற்கு வெறும் மரம் தெரிய வேண்டும். ஆகவே காலைக் கழற்றி, அதன் முனையிலுள்ள கழுந்தையும் அது செருகும் பொந்தையும் உளியால் சுரண்டிவிட்டு ஒட்டி, கயிறு முறுக்கி இரவு முழுக்க விட்டேன். கைப்பிடியின் முனையில் நிற்கும் முனைத்தூணே ஆடினால் அது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. மக்கு (புட்டி) வைத்து மறைக்காமல் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். படிகளைத் தாங்கும் பக்கச்சட்டத்தில் கரையானோ மக்கலோ தெரிந்தால் தச்சரைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய வீட்டில் பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் உலர்வாக உப்புத்தாள் போடாதீர்கள். அந்தத் தூசி குழந்தைகளுக்கு விஷம். அதிக வெப்பத்தில் காய்ச்சி உரிப்பதும் ஆபத்து, ஈயப்புகை வரும்.

கைப்பிடியில் அதிக உழைப்பு கேட்பது அதன் அடிப்பக்கம். விரல்கள் சுற்றிப் பிடிக்கும் இடத்தில் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கும். நேரே தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துப்போய் அழுக்கைத்தான் பரப்பும். முதலில் சோப்புத் தண்ணீர், காய்ந்த பிறகு டர்பன்டைன் நனைத்த துணி, பிறகு மெல்லிய இரும்புத் தகட்டால் சுரண்டல். தகட்டை லேசாக வளைத்து இழுத்தால் கறுப்பு சுருள் சுருளாக வந்து, கீழே மரத்தின் நிறம் தெரிய ஆரம்பிக்கும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது.

தேய்ப்பது 80, 120, 150 என்ற உப்புத்தாள் எண் வரிசையில் (எண் கூடக்கூடத் தாள் மென்மை), எப்போதும் ரேகை ஓடும் திசையில். படிகளை 150-க்கு மேல் மழமழவென்று ஆக்க வேண்டாம். எண்ணெய் குறைவாக ஊறும், வழுக்கவும் செய்யும். கைப்பிடியை மட்டும் 220 வரை கொண்டுபோகலாம். பூசுவதற்கு முன் டர்பன்டைன் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். குறுக்குக் கீறலும் பசைக்கறையும் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் நடமாட்டம் இருந்தால் ஒன்றுவிட்டு ஒரு படியாகப் பூச வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

இனி முடிவுக்கு வருகிறேன். பாலியூரித்தேன் படிகள் நீண்ட காலம் கவனிப்பே கேட்கவில்லை. ஆனால் தேய ஆரம்பித்த இடம், இறங்கும்போது பாதம் திரும்பும் முன்விளிம்பு. கூரான விளிம்பில் பூச்சு மெலிதாகத்தான் நிற்கும் என்பதால் முன்னமே விளிம்பை உருட்டியிருந்தேன். அப்படியும் முதலில் போனது அங்கேதான். படலம் போய் மரம் வெளியே தெரிந்தால் ஈரம் இறங்கிக் கறுத்துவிடும். அந்த இடத்தில் மட்டும் தொட்டுப் பூசினால் ஒட்டுப்போட்ட துணிபோல ஓரம் தெரியும். மங்கல் தெரிந்தவுடனே படி முழுவதையும் லேசாகத் தேய்த்து ஒரு கை பூசினால் தப்பிக்கலாம். தள்ளிப்போட்டால் அடிவரை இறங்கித் தேய்க்க வேண்டியதுதான்.

எண்ணெய் படிகளின் நடுப்பகுதி சீக்கிரமே மங்கியது, அதை மறைப்பதற்கில்லை. ஈரக்கால் நின்ற இடத்தில் தடமும் விழுந்தது. ஆனால் அந்த இடத்தை மட்டும் நார்ப்பட்டையால் தேய்த்து, கொஞ்சம் எண்ணெய் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் சுற்றியுள்ள பகுதியோடு கலந்துவிடுகிறது. ஒரு மாலை நேர வேலை. காலில் மரமாகவே படுகிறது, காலுறையோடு இறங்கும்போது வழுக்கலும் குறைவு. முதியவர்கள் இருக்கும் வீட்டில் பாலியூரித்தேன்தான் வேண்டும் என்றால், கடைசிப் பூச்சில் நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு தூள் கலக்கலாம். சற்று அழுக்கு பிடிக்கும், பரவாயில்லை. எதுவானாலும் படிக்குப் பளபளப்பு வேண்டாம், மேட் போதும். கீறல் கண்ணுக்குத் தெரியாது.

கைப்பிடியில் பாலியூரித்தேன் ஏமாற்றவில்லை. எல்லோரும் பிடித்துத் திரும்பும் முனையில் மட்டும் கொஞ்சம் மங்கல். அரக்குப் பாலிஷ் பார்க்க அதைவிட அழகு, ஆனால் சானிடைசர் ஈரத்தோடு தொடும் கைகளுக்கு அது தாங்காது. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

என் பரிந்துரை, படிக்கு எண்ணெய், கைப்பிடிக்குப் பாலியூரித்தேன். எத்தனை வருடம் தாங்கும் என்பதைவிட, தேய்ந்தால் எவ்வளவு சுலபமாகச் சரிசெய்ய முடியும் என்று கேட்டுத் தேர்ந்தெடுங்கள். வருடக்கணக்கில் திரும்பிப் பார்க்க நேரமில்லாதவர்களுக்கு மட்டும் படியிலும் பாலியூரித்தேன் பொருந்தும். எங்கள் கீழ்ப்படிகளையும் அடுத்த முறை எண்ணெய்க்கு மாற்றப்போகிறேன். அதற்குப் பழைய படலத்தைத் துளிகூட விடாமல் எடுக்க வேண்டும், படலத்தின் மேல் எண்ணெய் ஊறாது. வேலை பெரிதுதான், மழை ஓய்ந்து காற்று காய்ந்ததும் தொடங்குவதாக இருக்கிறேன்.