அகர் ஆலைக் கழிவுநீரைப் பராமரிக்கும் ஒரு சேவை: மண்டபம் பக்கத்து இரண்டு ஆண்டு அனுபவம்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில் உள்ள கடற்பாசியிலிருந்து அகர் என்ற ஜெல் பொருளை எடுக்கும் எங்கள் சிறிய ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை, கடந்த இரண்டு ஆண்டுகளாக மதுரையிலிருந்து வரும் ஒரு நிறுவனம் பராமரித்து வருகிறது. பழைய அமைப்பைத் திருத்திக் கொடுத்தது, ஆட்களுக்குப் பயிற்சி அளித்தது, மாதம் இருமுறை வந்து பார்ப்பது ஆகிய எல்லாம் ஒரே ஒப்பந்தத்துக்குள் வருகின்றன. நிறுவனத்தின் பெயரைவிட அவர்கள் வேலை செய்யும் முறையே இதே தொழிலில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நாங்கள் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து ஆய்வுக்கூடங்களுக்கான அகரையும், கஞ்சிப்பாசியிலிருந்து மருந்து, உணவுத் தயாரிப்புக்கான அகரையும் எடுக்கிறோம். கிருமியியலின் முன்னோடியான ராபர்ட் காக்கின் காலத்தில் கிருமிகளை ஜெலட்டின் மீது வளர்த்தபோது உடல் வெப்பமான 37 டிகிரியிலேயே அது உருகிவிட்டது. காக்கிடம் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸின் மனைவி ஃபேனி ஹெஸ், தம் சமையலறையில் பயன்படுத்திய அகரை 1881-இல் பரிந்துரைத்த பிறகே அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஒரு நோயாளியின் உடலிலுள்ள கிருமிக்கு எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்பதை இன்றும் பல ஆய்வுக்கூடங்களில் அகர் தட்டில்தான் பார்க்கிறார்கள். ஹைதராபாத் அருகே படான்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக 2007-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எங்கள் ஆலையில் ஆன்டிபயாடிக் எதுவும் இல்லை. ஆனாலும் மருந்துத் துறைக்குப் பொருள் கொடுப்பவன் தன் வடிகாலில் என்ன போகிறது என்று தெரியாமல் இருக்கக் கூடாது என்ற எண்ணம் அதைப் படித்த நாளிலிருந்து என்னை விடவில்லை.

அகர் தொழிலில் பொருள் கொஞ்சம், தண்ணீர் மிக அதிகம். வடிகட்டி ஆறவைத்த ஜெல்லில் அகர் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை சதவீதம்தான். மீதமெல்லாம் தண்ணீர், அதை உறையவைத்து உருக்கி வெளியேற்றுகிறோம். இதற்கு முன்பே பாசியைக் கழுவிய நீர் ஒன்று உண்டு. கஞ்சிப்பாசியாக இருந்தால் காஸ்டிக் சோடா என்ற காரத்தின் கரைசலில் சூடாக்கிய நீரும் சேரும். அப்படிச் செய்தால்தான் பாசியிலுள்ள சல்ஃபேட் விலகி ஜெல் உறுதியாகும். கடைசியில் வெளுப்பதற்கு ஹைப்போகுளோரைட் சேர்க்கிறோம்.

முதலில் எங்களுக்கு நிலையம் கட்டிக் கொடுத்த வேறொருவர் இவை அனைத்தையும் ஒரே தொட்டியில் விட்டு, அமிலம் ஊற்றி, காற்று செலுத்தும் ஏரேஷன் தொட்டிக்கு அனுப்பும்படி அமைத்திருந்தார். பி.எச். மீட்டரில் 7 காட்டியதால் நாங்களும் சரியென்றே நம்பினோம். அங்கேதான் தவறு நடந்தது. 40 கிலோ காஸ்டிக்கை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நடுநிலையாக்கினால் 58.5 கிலோ உப்பு உண்டாகிறது. அந்த உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது, எவ்வளவு காற்று ஊதினாலும் அது போகாது. மூன்று மாதத்தில் தொட்டியில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் திரண்ட பழுப்புக் கசடு, அதாவது ஸ்லட்ஜ், கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிய தென்னைகளின் ஓலை நுனிகள் கருகின. எங்களுக்குப் பாசி கொண்டுவரும் ஓர் அம்மா, விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே, "சார், இந்தத் தண்ணி எங்க ஊத்துக்கு வந்துராதுல்ல?" என்று கேட்டார். இந்தக் கரையில் மணலைத் தோண்டி ஊற்றில்தான் பலர் குடிநீர் எடுக்கிறார்கள்; உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கும் அந்த நல்ல தண்ணீர் ஒருமுறை கெட்டால் திரும்புவதற்கு எத்தனை மழை வேண்டுமோ. அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

புதிய நிறுவனத்தார் வந்த முதல் நாள் எந்த இயந்திரத்தையும் விற்கப் பேசவில்லை. ஒவ்வொரு குழாயின் கீழும் ஒரு வாளி வைத்து, எந்த நேரத்தில் எவ்வளவு, எந்த நிறத்தில் வருகிறது என்று இரண்டு ஷிப்டு முழுவதும் குறித்தார்கள். அதன் பிறகு மூன்று தனித்தனி வழிகள் போட்டார்கள். பாசி கழுவும் நீர், மணல் படியவைத்த பின் மீண்டும் முதல் கழுவலுக்கே போகிறது. காஸ்டிக் கரைசலை ஒவ்வொரு முறையும் கொட்டாமல், வடிகட்டி, குறைந்துபோன அளவுக் காரத்தை மட்டும் மறுபடி சேர்த்துப் பலமுறை பயன்படுத்துகிறோம். இனி ஆகாது என்ற நிலையில்தான் அது தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போட்ட ஆவியாக்கும் பாத்திக்குப் போகிறது. உறையவைத்து உருக்கிய நீரில் உப்பு குறைவு, கரைந்த சர்க்கரையும் நிறமும்தான் உண்டு என்பதால் அது மட்டும் ஏரேஷனுக்கும் பிறகு ஆர்.ஓ.வுக்கும் சென்று கொதிகலனுக்குத் திரும்புகிறது. எங்கள் காஸ்டிக் செலவு குறைந்ததைக் கணக்காளர்தான் முதலில் கவனித்தார்.

அவர்களிடம் நான் மிகவும் மதிப்பது ஆய்வறிக்கையை அப்படியே நம்பாத குணத்தை. முன்பு ஓர் ஆய்வுக்கூடம் எங்கள் கழுவுநீருக்கு மிக உயர்ந்த சி.ஓ.டி. (நீரிலுள்ள கரிமக் கழிவைக் காட்டும் அளவு) எழுதி அனுப்பியிருந்தது. வந்த வேதியியலர் அதைப் பார்த்ததும் குளோரைடு எவ்வளவு என்று கேட்டார். கடல்நீரில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 19 கிராம் உண்டு. 2 கிராமைத் தாண்டினாலே வழக்கமான டைகுரோமேட் சோதனை குளோரைடையும் கரிமக் கழிவாகச் சேர்த்துக் கணக்கிட்டுவிடும் என்று விளக்கி, மாதிரியில் தண்ணீர் கலந்து நீர்க்கவைத்து, குளோரைடை அடக்கும் மெர்குரி சல்ஃபேட்டைக் கூடுதலாகச் சேர்த்து மறுபடியும் சோதிக்கச் சொன்னார். சோதனைக் குப்பிகளில் மெர்குரி இருப்பதால் அவற்றைக் கழுவித் தொட்டியில் கொட்டாமல் தனிக் கேனில் சேர்க்க வேண்டும் என்றும் அவரே சொன்னார்; அதற்குமுன் எங்களிடம் யாரும் இதைச் சொன்னதில்லை.

இப்போது நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர் முன்பு பாசி உலர்த்தும் களத்தில் வேலை செய்த அக்கா ஒருவர். தினமும் காலையில் ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் ஏரேஷன் நீரை எடுத்து ஜன்னலோரம் வைத்து, முப்பது நிமிடம் கழித்து ஸ்லட்ஜ் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நோட்டில் எழுதுகிறார். வெளுக்கும் நாளில் ஒரு சிறு பாட்டிலில் டி.பி.டி. மாத்திரை போட்டுப் பார்க்கிறார். இளஞ்சிவப்பு தெரிந்தால் குளோரின் மிச்சம் இருக்கிறது என்று அந்த நீரைத் தடுத்து வைத்து, குளோரினை நீக்கும் பைசல்ஃபைட் சேர்த்த பிறகே திறந்து விடுகிறார். அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர்கள் பொறுமையாக, தமிழில், கையில் குடுவையைக் கொடுத்தே கற்றுக்கொடுத்தார்கள்.

குறைகளும் உண்டு. ஆவியாக்கும் பாத்தியின் அளவை அவர்கள் பங்குனி, சித்திரை வெயிலைக் கொண்டே கணக்கிட்டிருந்தார்கள். இராமநாதபுரம் வறண்ட மாவட்டம் என்பது உண்மைதான், ஆனால் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சேர்ந்தே கொட்டுகிறது. முதல் ஆண்டு வாடைக் காற்றோடு வந்த மழையில் பாத்தி விளிம்புவரை நிரம்பியபோது, இரவோடிரவாக டேங்கர் பிடித்து நீரை மாற்றினோம். மறு ஆண்டு செலவில் பாதியைத் தாங்களே ஏற்று மேலே சாய்கூரை அமைத்துக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயரின் மின்பலகையைச் சாதாரண இரும்புப் பெட்டியில் வைத்தது இன்னொரு பிழை. இரண்டு பக்கமும் கடல் உள்ள இடத்தில் உப்புக்காற்று எட்டே மாதத்தில் அதன் காண்டாக்டர் எனும் மின்சுவிட்சுகளை அரித்துவிட்டது. பழுது என்று கூப்பிட்டால் மதுரையிலிருந்து ஆள் வர ஒரு முழு நாள் ஆகிறது. ஒரு நாள் காற்று நின்றால் நுண்ணுயிர்கள் திணறத் தொடங்கிவிடும் என்பதால், உபரி ப்ளோயர் ஒன்றை நாங்களே வாங்கி வைக்க வேண்டியதாயிற்று. பாத்தியில் மிஞ்சும் உப்புக் கட்டியை அங்கீகாரம் பெற்ற அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பும் பதிவேடுகளிலும் அவர்கள் உதவி போதவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கான படிவங்களை நாங்கள்தான் நிரப்புகிறோம்.

ஆண்டுக் கட்டணம் எங்களுக்கு ஓர் ஆபரேட்டரின் ஆண்டுச் சம்பளத்தைவிடச் சற்று அதிகம். ஒரே வகைக் கழிவுநீர் மட்டும் வரும் ஆலைக்கு இந்தச் சேவை தேவைப்படாது; உள்ளூர் ஆளே போதும். காரம், உப்பு, சர்க்கரை என்று வெவ்வேறு நீர் வரும் இடங்களுக்கு, குறிப்பாகக் கடற்பாசி, இறால் ஓடு, மருந்து மூலப்பொருள் ஆகியவற்றைக் கையாள்பவர்களுக்கு, இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒப்பந்தம் போடும்போதே மழைக்காலக் கணக்கையும், துருப்பிடிக்காத ஃபைபர் மின்பெட்டியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் மூன்றாம் ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறோம். ஆலையைச் சுற்றி ஊற்றுநீரின் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின்) அளவை மாதாமாதம் பார்த்து, அந்தத் தாளைப் பாசி கொண்டுவரும் பெண்கள் பார்க்கும்படி வாசலில் ஒட்ட வேண்டும் என்பது இந்த முறை நாங்கள் சேர்த்த நிபந்தனை. முதல் தாளை ஆவணியில் ஒட்டினோம். அன்று கேட்ட அந்த அம்மா, தன் ஊற்றின் எண்ணை மகளை விட்டு இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.